சனிக்கு எத்தனை நிலவு?

நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று பள்ளி ப்ராஜெக்டுக்காகச் சனிக் கோளைப் பற்றித் தேடுகிறது. சனிக்கு எத்தனை நிலவுகள் என்று செல்பேசியில் கேட்டால் ஒரு தளம் 62 என்கிறது. அடுத்தது 82. இன்னொன்றில் 145, வேறொன்றில் 146. கீழே தள்ளிக்கொண்டே போனால் 274 என்றும் இருக்கிறது. "அம்மா, இதுல எது சரி?" என்று பிள்ளை கேட்கும். பல வீடுகளில் அதற்குக் கிடைக்கும் பதில், "முதல்ல என்ன வந்துச்சோ அதை எழுது" என்பதுதான்.

வியப்பு என்னவென்றால், இந்த ஐந்து எண்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. பல ஆண்டுகளாக 62 என்றே புத்தகங்களில் இருந்தது. 2019 அக்டோபரில் 20 புதிய நிலவுகள் அறிவிக்கப்பட்டு 82 ஆனது. பிறகு ஒன்று சேர்ந்தது. 2023 மே மாதத்தில் மட்டும் 62 புதிய நிலவுகள் வந்து 145 ஆகி, சில வாரங்களில் 146 ஆனது. 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 நிலவுகள் சேர்ந்தன. அப்படித்தான் 274 வந்தது. நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த எண்ணும் பழையதாகியிருக்கலாம்.

சனி புதிதாக நிலவுகளைப் பெற்றுக்கொண்டிருக்கவில்லை. அவை முன்பே அங்கே சுற்றிக்கொண்டுதான் இருந்தன. பார்க்கும் வித்தைதான் மாறியது. இந்த நிலவுகளில் பெரும்பாலானவை சில கிலோமீட்டர் அகலமே கொண்ட பாறைத் துண்டுகள். நம் ஊர்க் குன்று ஒன்றைப் பெயர்த்து 120 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த மாதிரி. ஹவாய் தீவில் மௌனா கியா எரிமலையின் உச்சியில் கனடாவும் பிரான்சும் ஹவாய் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் 3.6 மீட்டர் தொலைநோக்கிக்குக்கூட ஒரே படத்தில் அவை தெரியாது; வெளிச்சம் அவ்வளவு மங்கல். வெகுநேரம் திறந்து வைத்துப் படம் எடுத்தாலும் பயனில்லை. நிலவு நகர்ந்துகொண்டே இருப்பதால் அதன் வெளிச்சம் இழுபட்டுக் கரைந்துவிடும்.

எனவே வானியலாளர்கள் வேறு வழி கண்டார்கள். ஒரே இரவில் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுக்கிறார்கள். சனியின் அருகே ஒரு நிலவு இருந்தால் அது எந்தத் திசையில், எந்த வேகத்தில் நகரும் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு படத்தையும் அந்த அளவுக்கு நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுகிறார்கள். அப்போது அசையாத விண்மீன்களெல்லாம் கோடுகளாக இழுபட்டுவிட, அசையும் நிலவு மட்டும் ஒரு புள்ளியாகத் திரண்டு வரும். புள்ளி தெரிந்துவிட்டால் போதாது. மறுபடி மறுபடி அதைப் பிடித்து, அது சனியைத்தான் சுற்றுகிறது என்று பாதையைக் கணக்கிட்டுக் காட்டவேண்டும். அதற்குப் பிறகுதான் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் கீழ் இயங்கும் சிறுகோள் மையம் அதை அறிவிக்கிறது.

பிள்ளையின் நோட்டில் ஏறும் ஓர் எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுத்தால் "எது சரி?" என்ற கேள்வி தானாகவே "இது எப்போது எழுதியது?" என்று மாறிவிடும். "சனியின் நிலவுகள் 274 (2025 மார்ச் நிலவரம்)" என்று ஒன்பது வயதுப் பிள்ளை எழுதினால், அந்த ஒரு வரியில் ஓர் ஆராய்ச்சியாளர் செய்யவேண்டியதை அது செய்துவிட்டது என்பேன்.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையத்தில் நம்பகமான தகவல் எங்கே கிடைக்கும் என்ற பேச்சு வந்தாலே பெற்றோர்களும் ஆசிரியர்களும் நல்ல தளங்களின் பட்டியல் ஒன்றைக் கேட்கிறார்கள். பட்டியல் தேவைதான், சிலவற்றைச் சொல்லவும் போகிறேன். ஆனால் பட்டியல் மட்டும் கையில் இருந்தால், அதில் இல்லாத ஒன்றைத் தேடும் அன்றைக்கே பிள்ளை தனித்து நிற்கும். இதை முதலில் பார்த்தவர் யார், அளந்தவர் யார், எப்போது என்று கேட்கும் பழக்கம் வேண்டும். அந்தக் கேள்வியின் பின்னாலேயே போனால் பெரும்பாலும் ஒரு நல்ல கதை காத்திருக்கும்.

தீபாவளி இரவில் விண்ணிலிருந்து நாசா எடுத்த இந்தியா என்று ஒரு படம் ஆண்டுதோறும் வாட்ஸப்பில் வரும். பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பின்னணியில் நாடு முழுவதும் வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு என்று வண்ணப் புள்ளிகள் மின்னும். அழகான படம். பள்ளிச் சுவரொட்டிகளில் ஏறுவதற்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு: நாசா என்ற பெயர், நம் நாடு, நம் பண்டிகை.

படம் பொய்யல்ல. அதன்கீழ் எழுதிய வரிதான் பொய். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் விஞ்ஞானி கிறிஸ் எல்விட்ஜ், பாதுகாப்புத் துறையின் வானிலைச் செயற்கைக்கோள்கள் பல ஆண்டுகளில் திரட்டிய தரவுகளைக் கொண்டு 2003இல் உருவாக்கியது அது. ஓர் இரவில் எடுத்த ஒளிப்படமே அல்ல. நிறங்கள்தான் அதன் உயிர். 1992க்கு முன்பே தெரிந்த விளக்குகள் வெள்ளை. 1992இல் புதிதாகத் தெரிந்தவை நீலம். 1998இல் வந்தவை பச்சை, 2003இல் வந்தவை சிவப்பு. நகரங்கள் விரிந்ததையும், மின்விளக்கு புதிய ஊர்களை எட்டியதையும் ஒரே தாளில் வரைந்து காட்டிய வரைபடம்!

2012 நவம்பரில் நாசாவின் புவி ஆய்வகத் தளமே இதை விளக்கி எழுதியது. கூடவே அதே ஆண்டு தீபாவளியையொட்டி நவம்பர் 12 இரவு சுவோமி செயற்கைக்கோள் எடுத்த உண்மையான படத்தையும் வெளியிட்டது. அதில் வண்ணம் எதுவும் இல்லை. மற்ற இரவுகளைப் போலவே நகரங்களின் வெளிச்சம் மட்டும். நாம் ஏற்றும் விளக்குகளும் வெடிக்கும் மத்தாப்புகளும் நகர வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம் என்பதால், விண்ணிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது என்று அங்கே எழுதியிருந்தார்கள்.

பொய் விளக்கத்தோடு இந்தப் படத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு ஒரு நொடிப் பெருமிதம் கிடைக்கும், அவ்வளவுதான். உண்மையான விளக்கம் கிடைத்த பிள்ளையோ தன் மாவட்டம் எங்கே, அதன்மேல் என்ன நிறம் என்று தேடத் தொடங்கும். நம் ஊருக்குக் கரண்ட் எப்போது வந்தது என்று தாத்தாவிடம் கேட்கும். முதல் விளக்கம் அந்தக் கேள்விக்கு இடமே கொடுப்பதில்லை. இந்த இழப்புதான் என்னை வருத்துகிறது. தப்பான தகவலால் மதிப்பெண் குறைவது அதன்முன் ஒன்றுமே இல்லை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை. படத்தைக் கூகுள் லென்ஸில் கொடுத்தால் அது இதற்கு முன் எங்கெங்கே வந்திருக்கிறது என்று காட்டும். வந்த பக்கங்களில் மிகப் பழையதைத் திறந்து பார்க்கவேண்டும். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைதான் இது.

ஒரு தளத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது நம்பத்தக்கதா என்று சொல்லிவிடலாம் என்ற நினைப்பு நம் எல்லோருக்கும் இருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை, படங்கள் தெளிவாக இருக்கின்றன, அறிவியல் பெயர் கொடுத்திருக்கிறார்கள், தொடர்புக்கு முகவரியும் இருக்கிறது. அப்படியானால் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. இந்த நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை ஒரு கற்பனை ஆக்டோபஸ் காட்டிக்கொடுத்தது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பிக் தீபகற்பம் என்ற மழைக்காட்டுப் பகுதி இருக்கிறது. அந்தக் காட்டு மரங்களில் ஓர் ஆக்டோபஸ் வாழ்வதாகவும், அது அழிவின் விளிம்பில் இருப்பதாகவும் 1998 முதல் ஒரு தளம் சொல்லிக்கொண்டிருக்கிறது. வேடிக்கைக்காக உருவாக்கப்பட்டது. ஆனால் லத்தீன் பெயர், வாழ்க்கைச் சுழற்சி, கிளையில் தொங்கும் படம், காப்பாற்ற என்ன செய்யலாம் என்ற வேண்டுகோள் எல்லாம் முறைப்படி இருக்கும். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லூவின் ஆய்வுக் குழு, இணையத்தில் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று தேர்ந்தெடுத்த 25 ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் இந்தத் தளத்தைக் கொடுத்தது. ஏறத்தாழ எல்லோருமே நம்பினார்கள். கட்டுக்கதை என்று சொன்ன பிறகும், எதனால் கட்டுக்கதை என்று எடுத்துக்காட்டப் பலரால் முடியவில்லை. பிற்பாடு நெதர்லாந்தில் 11, 12 வயதுள்ள 27 பிள்ளைகளிடம் இதே சோதனையை நடத்தி 2018இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே இனங்கண்டவர்கள் இரண்டே பேர்.

ஆக்டோபஸ் செவுள்களால் சுவாசிக்கும் உயிரினம் என்ற ஒரு பாடம் மனதில் தங்கியிருந்தால், மரத்தில் அது எப்படி மூச்சுவிடும் என்ற கேள்வி வந்திருக்கும். நெஞ்சில் ஏற்கெனவே இருக்கும் அறிவுதான் முதல் சல்லடை. தேடக் கற்றுக்கொடுத்தால் போதும், பாடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. மரத்து ஆக்டோபஸை விடுங்கள். கடலில் இருக்கும் நிஜ ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள். இரும்புக்குப் பதிலாகத் தாமிரம் கொண்ட புரதம் உயிர்வளியைச் சுமப்பதால் அதன் இரத்தம் நீலம். சில இனங்கள், கடல்நீர் வடியும் நேரத்தில் பாறைக் குட்டை ஒன்றிலிருந்து வெளியே வந்து, அடுத்த குட்டைக்கு ஊர்ந்தே போய்விடும். கற்பனை செய்தவர் இதைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.

பெரியவர்களும் இந்த விஷயத்தில் தேர்ந்தவர்கள் அல்லர். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும், முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் 10 பேர், தங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர் என மூன்று குழுவினரிடமும் சில தளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். அவற்றில் இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளின் தளங்கள். ஒன்று 1930 முதல் இயங்கும், பல்லாயிரம் உறுப்பினர்கள் கொண்ட தொழில்முறை அமைப்பு. மற்றது அதிலிருந்து கொள்கை வேறுபாட்டால் 2002இல் பிரிந்த சிறு குழு. பெயர்கள் ஏறத்தாழ ஒன்றுபோல. தோற்றத்திலும் இரண்டும் கம்பீரம்.

மாணவர்களும் அறிஞர்களில் பலரும் அந்தந்தப் பக்கத்திலேயே தங்கி, மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்தார்கள், முத்திரையையும் அடிக்குறிப்புகளையும் ஆராய்ந்தார்கள், அப்படியும் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. சில நொடிகளில் வேறு ஜன்னல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப்போனார்கள். குறைவாகப் படித்தார்கள், விரைவில் விடைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளையிடமே கேட்பாரா யாராவது? அக்கம்பக்கத்தில்தானே விசாரிக்கிறோம்.

பள்ளிகளில் நாம் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. முகவரி டாட் ஆர்க் என்று முடிந்தால் நல்ல தளம் என்று சொல்கிறோம். பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் அந்த முகவரியை வாங்கலாம். ஜிஓவி டாட் இன் என்பது அரசு அமைப்புகளுக்கு, ஏசி டாட் இன் என்பது கல்வி நிறுவனங்களுக்கு என்று ஒதுக்கியிருப்பதால் அவற்றுக்குக் கொஞ்சம் மதிப்புண்டு. அதேபோல, தேடுபொறியில் பிள்ளைகளுக்கான பாதுகாப்பு வடிகட்டியைப் போட்டுவிட்டால் கவலையில்லை என்று பல பெற்றோர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது ஆபாசத்தையும் வன்முறையையும் தடுக்கும். அவசியம் போட்டு வைக்கவேண்டும். ஆனால் பொய்யைத் தடுப்பது அதன் வேலையே இல்லை. மரத்து ஆக்டோபஸ் அந்த வடிகட்டியைத் தாராளமாகக் கடந்து வரும்.

இப்போதோ தேடினாலே பக்கங்களின் வரிசைக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில் வந்து நிற்கிறது. கோடிக்கணக்கான வாக்கியங்களில் எந்தச் சொல்லுக்குப் பின் எது வரும் என்று பழகிய இயந்திரம் அதை எழுதுகிறது. சரியான பதிலையும் தவறான பதிலையும் ஒரே சரளத்தோடு சொல்லும். சனிக்கு 82 நிலவு என்று சொன்னாலும் அதன் குரலில் தயக்கம் தெரியாது. அதன் பக்கத்தில் இணைப்புகள் கொடுத்திருப்பார்கள். அவற்றில் ஒன்றையாவது திறந்து, அந்தப் பக்கம் உண்மையிலேயே அப்படிச் சொல்கிறதா என்று பார்ப்பதை வீட்டில் ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளலாம்.

சரி, எங்கே போகச் சொல்வது? மூன்றாம் வகுப்புவரை பிள்ளையைத் தேடுபொறியின் முன் தனியே விடவேண்டாம் என்பது என் எண்ணம். பெரியவர்கள் பார்த்துத் தேர்ந்த மூன்று நான்கு பக்கங்களை மட்டும் திறந்து கொடுக்கலாம். விண்வெளிக்கு நாசா பிள்ளைகளுக்கென்றே ஸ்பேஸ் பிளேஸ் என்ற தளத்தை நடத்துகிறது. ஆங்கிலம் எளிமையாக இருக்கும். பெரியவர் ஒருவர் உடனிருந்து தமிழில் சொன்னால் போதும். கதையோடு அறிவியல் வேண்டும் என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ்ப் புத்தகங்கள் இலவசம். பாடத்தையொட்டித் தேட அரசின் திக்ஷா தளம்.

தமிழில் நமக்கு ஒரு பெருஞ்செல்வம் இருக்கிறது. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளில் வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் படிக்கக் கிடைக்கிறது. துறை தெரிந்தவர்கள் பிள்ளைகளுக்காகப் பொறுப்போடு எழுதிய கட்டுரைகள் அவை. தமிழ்நடையைக் கற்கவே பிள்ளைகளுக்கு அதைப் பரிந்துரைப்பேன். ஆனால் அது 1968இல் தொடங்கி எழுபதுகளில் நிறைவடைந்த நூல். அந்தக் காலத்தில் அறியப்பட்டிருந்த சனியின் நிலவுகள் பத்துதான்! யானையின் தும்பிக்கைக்கும் கல்லணைக்கும் அங்கே போகலாம். கோள்களுக்குப் போனால் பதிப்பித்த ஆண்டைப் பார்த்துக்கொண்டு போகவேண்டும்.

விக்கிப்பீடியாவைத் தொடக்கூடாது என்று சொல்லும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஆர்வலர்கள் ஊதியம் வாங்காமல் எழுதிக் குவித்திருக்கிறார்கள். தரம் கட்டுரைக்குக் கட்டுரை மாறும், உண்மைதான். ஆனால் ஒரு பக்கம் எப்போது, யாரால், எப்படித் திருத்தப்பட்டது என்பதை வரி வரியாகக் காட்டும் வரலாற்றுப் பகுதி வேறெங்கே இருக்கிறது? பிள்ளைக்கு அதைத் திறந்து காட்டுங்கள். பிறகு கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள்களுக்குக் கூட்டிப்போங்கள். மேற்கோள் இல்லாத வரியை நோட்டில் எழுதவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும்.

ஆசிரியர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. ப்ராஜெக்ட் என்றால் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த வண்ணப் படங்களைச் சார்ட்டில் ஒட்டிவருவது என்றாகிவிட்டது. ஒட்டிய ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர் யார், எந்த ஆண்டு என்று ஒரு வரி கேளுங்கள். பத்துப் படம் வேண்டாம், இரண்டு போதும் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

இதையெல்லாம்விடச் சிறந்த பயிற்சி ஒன்று உண்டு. பிள்ளையே ஒரு தகவலின் மூலமாக ஆவது. ஆண்டுதோறும் சனவரியில் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டைமாடியிலோ வயலோரத்திலோ ஏரிக்கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ஈபேர்ட் தளத்தில் பெற்றோரின் கணக்கில் ஏற்றவேண்டும். ஐந்து மைனா என்று எழுதினால் அப்படியே ஏறிவிடும். கொடைக்கானலில் பூநாரை பார்த்தேன் என்று எழுதினால், அந்த இடத்துக்கும் மாதத்துக்கும் அது வழக்கமில்லாதது என்று தளம் குறித்துக்கொள்ளும். பிறகு அந்தப் பகுதிப் பறவைகளை நன்கு அறிந்த தன்னார்வலர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்புவார். எங்கே நின்று பார்த்தீர்கள், எவ்வளவு தூரத்தில் இருந்தது, அலகு எப்படி வளைந்திருந்தது, படம் எடுத்தீர்களா என்று கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால்தான் அது எல்லோரும் காணும் கணக்கில் சேரும். இல்லாவிட்டால் பதிவு பிள்ளையின் சொந்தப் பட்டியலில் மட்டும் இருக்கும். அடுத்த முறை படத்தோடு வரலாம்.